ஜோடி ஜாடி, தங்கமுலாம், அடியில் சியான்லோங் முத்திரை: ஏலம் கேட்கலாமா?

தேம்ஸ்கரை எழுதியது:

வணக்கம் மக்களே. இங்கிலாந்தில் ஊர்ப்புறத்து ஏலக்கூடம் ஒன்றில் (பெயர் வேண்டாம்) அடுத்த வாரம் ஒரு ஜோடி வெண்கல ஜாடி வருகிறது. பட்டியலில் இருப்பதைத் தமிழில் தருகிறேன்:

"சீனம். தங்கமுலாம் பூசிய வெண்கல ஜாடிகள், ஜோடி. ஹூ வடிவம் (பழைய சீன மதுக்குடுவையின் வடிவம்). யானைத்தலைக் கைப்பிடி, அதில் தொங்கும் வளையம். அடியில் சியான்லோங் ஆறெழுத்து முத்திரை. சிங் வம்சம். உயரம் 34 செ.மீ. முலாம் தேய்ந்துள்ளது, சிறு சொட்டைகள் உண்டு. மதிப்பீடு 2,000 – 3,000 பவுண்ட்."

படத்தில் பார்க்க அம்சமாக இருக்கிறது. கழுத்தில் அந்த முட்டைக்கண் விலங்குமுகப் பட்டை, வயிற்றில் மேகச்சுருள். சீன அரசர் சியான்லோங் ஆண்டது 1736 முதல் 1795 வரை. அவர் காலத்து ஜோடி என்றால் இந்த விலைக்கு எப்படி வரும்? போலி என்றால் பட்டியலில் ஏன் முத்திரையைச் சொல்கிறார்கள்? எதுவரை கேட்கலாம்?

புதுசு_ரெண்டு எழுதியது:

யோசிக்காம தூக்குங்க ப்ரோ. 2022-ல பிரான்ஸ்ல ஃபோன்தென்ப்ளோவுல ஒசெனா ஏலத்துல என்ன நடந்துச்சு? நீல வெள்ளை டிராகன் ஜாடி, மதிப்பீடு 1,500ல இருந்து 2,000 யூரோ. போனது 77 லட்சம் யூரோ. கட்டணம் சேர்த்து 91 லட்சம். வித்தவங்களுக்குப் பாட்டி வழியா வந்த சாமான் அது! 2018-ல பாரிஸ்ல ஒரு ஜாடி ஷூ டப்பால வந்து 1 கோடியே 62 லட்சம் யூரோவுக்குப் போச்சு. உங்களுக்கும் அடிக்கும்.

சிங்கை_வள்ளி எழுதியது:

புதுசு, நீங்கள் சொன்ன இரண்டும் நடந்தவைதான். ஆனால் இரண்டுமே பீங்கான். தங்கமுலாம் வெண்கலத்தின் சந்தை வேறு, அதில் ஆள் குறைவு, விலைப்படியும் வேறு. வெண்கலக் கதைதான் வேண்டுமென்றால் 2019 ஜூரிச் கதையைச் சொல்லுங்கள். ஒரு சுவிஸ் குடும்பம் டென்னிஸ் பந்து போட்டு வைத்திருந்த பெரிய சீன வெண்கலப் பாத்திரம் கொல்லர் (Koller) என்ற ஏலக் கம்பெனியில் ஏறத்தாழ 49 லட்சம் ஃபிராங்குக்குப் போனது. இந்தக் கதைகளில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவற்றில் பணம் பார்த்தவர் விற்றவர். வாங்கியவர் முழு விலை கொடுத்துத்தான் வாங்கினார். அறையில் இரண்டு பேருக்குப் பொருள் என்னவென்று தெரிந்துவிட்டால் போதும், மதிப்பீட்டுக்கு மதிப்பே கிடையாது. தேம்ஸ்கரை அங்கே வாங்கப் போகிறவர், விற்கப் போகிறவர் அல்ல.

இப்போது பட்டியல். ஏலக்கூடங்கள் பொய் எழுதுவதில்லை, எழுதவேண்டிய இடத்தில் எழுதாமல் விடுவார்கள். அரசரின் காலத்தில்தான் செய்தது என்று நம்பினால் "சியான்லோங் முத்திரை, அக்காலத்தையது" என்று போடுவார்கள். நம்பிக்கை அந்த அளவு இல்லையென்றால் "18ஆம் நூற்றாண்டு" என்பார்கள். உங்கள் பட்டியலில் முத்திரை இருக்கிறது, "சிங் வம்சம்" இருக்கிறது, நூற்றாண்டு இல்லை. சிங் வம்சம் 1644-ல் தொடங்கி 1911 வரை ஓடியது. அடியில் இந்த எழுத்து இருக்கிறது, 1911-க்கு முன்னால் எப்போதோ செய்தது, அதற்கு மேல் எங்களைக் கேட்காதே என்பதுதான் அதன் பொருள். போலி என்றும் சொல்லவில்லை, சியான்லோங் என்றும் சொல்லவில்லை.

முத்திரையை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. முன்னோர் பெயரைப் பொறிப்பது சீனத்தில் மரியாதையாகவும் நடந்தது, வியாபாரமாகவும் நடந்தது. மிங் அரசர் சுவான்ட ஆண்டது 1426 முதல் 1435 வரை, பத்தே ஆண்டு. அவர் முத்திரை போட்ட தூபச்சட்டிகள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. பெரும்பாலானவை 17, 18ஆம் நூற்றாண்டில் அல்லது அதற்கும் பின்னால் வார்த்தவை. அவற்றில் நல்லவற்றுக்கு நல்ல விலையும் கிடைக்கிறது, முத்திரைக்காக அல்ல, வார்ப்புக்காக.

ஏலக்கூடத்துக்கு எழுதி இதையெல்லாம் கேளுங்கள்: அடிப்பக்கத்தின் நேர்ப்படம் இரண்டுக்கும், முத்திரையின் கிட்டப்படம் இரண்டுக்கும், டார்ச் அடித்து வாய்க்குள் ஒரு படம், கைப்பிடி உடலோடு சேரும் இடம், ஒவ்வொன்றின் எடை தனித்தனியாக. ஜோடிக்குச் சேர்த்து ஒரே எடை சொன்னால் மறுபடியும் கேளுங்கள்.

பத்தர்_பேரன் எழுதியது:

அக்கா சொன்னதோட முலாம் பத்தி நான் கொஞ்சம் சொல்றேன். எங்க வீடு மூணு தலைமுறையா நகைப் பட்டறை, அதனால பாதரசம்னா எங்களுக்குப் பயம். தங்க மோதிரத்துல ஒரு சொட்டு பட்டாப் போதும், கண்ணு முன்னாடியே வெள்ளையாப் போயிரும். அந்த ஒட்டுற குணத்தத்தான் சீனாக்காரன் முலாமுக்கு வெச்சுக்கிட்டான், அதுவும் கிறிஸ்து பொறக்கறதுக்கு முன்னாடியே.

தங்கத்தப் பொடியாக்கி, சூடான பாதரசத்துல கரைச்சா வெண்ணெய் மாதிரி ஒரு களிம்பு வரும். ஜாடிய நல்லாச் சுத்தம் பண்ணி, அந்தக் களிம்பத் தேய்ச்சு, கரி அடுப்பு மேல காட்டணும். பாதரசம் 357 டிகிரில கொதிக்கும், புகையாப் போயிரும், தங்கம் ஒட்டிக்கும். அப்பப் பாத்தா மங்கலா, மஞ்சப்பொடி தூவுனாப்புல இருக்கும். மெருகுக்கல்லு வெச்சுத் தேய்ச்சாத்தான் பளபளப்பு. கெட்டியா வேணும்னா மறுபடி தேய்ச்சு மறுபடி சுடணும். அந்தப் புகையச் சுவாசிச்சவன் கை நடுங்கி, பல்லு ஆடி, சீக்கிரமே போய்ச் சேர்ந்தான்.

கரண்ட்டுல முலாம் போடற முறைக்கு இங்கிலாந்துல எல்கிங்டன் காப்புரிமை வாங்குனது 1840. அப்ப உங்க ஜாடில கரண்ட் முலாம் இருந்தா, சியான்லோங் செத்து நாப்பது வருசத்துக்குப் பின்னாடி பூசுனது, அது உறுதி. ஜாடி பழசா இருந்து முலாம் மட்டும் மறுபடி பூசியிருக்கவும் வாய்ப்பு இருக்கு, அத மறக்காதீங்க.

எப்படிப் பாக்கறது? பத்து மடங்கு லென்ஸ் போதும். சுட்ட முலாம்ல பள்ளத்துல களிம்பு தேங்கி நிக்கும், தூரிகை இழுத்த கோடு தெரியும், மெருகுக்கல்லு போகாத மூலையில பொறுபொறுன்னு இருக்கும். கரண்ட் முலாம் ஒரே சீரா மெழுகி விட்டாப்புல இருக்கும், ஓரத்துல கெட்டி, ஆழத்துல மெல்லிசு. இன்னொண்ணு: கரைசல்ல முக்கி எடுக்கறதால வாய்க்குள்ள ஆழம் வரைக்கும் மஞ்சளடிச்சிருக்கும். கையால களிம்பு தேய்க்கறவன் கண்ணுக்குத் தெரியாத எடத்துல தங்கத்த வீணாக்க மாட்டான். கழுத்துக்குக் கொஞ்சம் கீழ நிறுத்திருவான்.

புதுசு_ரெண்டு எழுதியது:

மெஷின் வெச்சுப் பாத்தா முடிஞ்சுதே? எக்ஸ்ரே அடிச்சு உலோகத்துல என்னென்ன கலந்திருக்குன்னு காட்டுற எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கி இருக்குல்ல? பாதரசம் இருந்தா பழசு, இல்லைன்னா புதுசு.

பத்தர்_பேரன் எழுதியது:

பாதிதான் சரி. சுட்ட முலாம்ல எவ்வளவு சூடு பண்ணுனாலும் கொஞ்சம் பாதரசம் தங்கத்தோடயே தங்கிரும், மெஷின் காட்டிக் குடுத்துரும். பாதரசமே இல்லைன்னா சந்தேகப்படலாம். ஆனா இருந்தாப் பழசுன்னு சொல்ல முடியாது. நேபாளத்துல பாட்டன் ஊர்ல இன்னிக்கும் சிலைகளுக்கு இதே முறைலதான் சுட்டுப் பூசறாங்க. போன வருசம் செஞ்சதுலயும் பாதரசம் இருக்கும்.

மெஷின்ல முலாமவிட உள்ள இருக்கற உலோகத்தப் பாருங்க. ஈயம் நிறையக் கலந்த வெண்கலத்துல சுட்ட முலாம் சரியாப் பிடிக்காது, கறை கறையா வரும். அதனால முலாம் போடணும்னே வார்க்கறவன் ஈயத்தக் குறைச்சு, செம்புக்குப் பக்கமா வார்ப்பான். பட்டியல்ல வெண்கலம்னு எழுதறதுல பாதி உண்மைல பித்தளையோ செம்போதான். தேய்ஞ்ச எடத்துல செவப்பாத் தெரியுதா, மஞ்சளாத் தெரியுதான்னு படத்துலயே பாக்கலாம்.

ஹாரோ_ராசன் எழுதியது:

தம்பி, நான் இஞ்ச பழஞ்சாமான் சந்தையளில கடை போடுறனான். ஜாடி என்னெண்டு வள்ளி அக்கா சொல்லுவா, நான் காசுக் கணக்கைச் சொல்லுறன். சுத்தியல் 3,000 இல விழுந்தா, அதாவது கடைசிக் கேள்வி 3,000 எண்டா, நீங்கள் 3,000 குடுக்கப் போறேல்லை. வாங்கிறவரிட்ட ஏலக்கூடம் எடுக்கிற கட்டணம், பிரீமியம், 25 வீதம், அது 750. அந்தப் பிரீமியத்துக்கு வாற் (VAT வரி) 20 வீதம், 150. ஒன்லைனில கேட்டா அந்தத் தளக்காரன் 5 வீதமளவில எடுப்பான், வாற்றோட 180. மொத்தம் 4,080. பெட்டி கட்டி அனுப்புற செலவு தனி. அந்தக் கூடத்தின்ர விதிமுறையை முதல் வாசியுங்கோ, சில இடத்தில பிரீமியம் இதைவிடக் கூட.

பெரிய கம்பனியள், சொதபி, கிறிஸ்டி மாதிரி, பட்டியல் தலைப்பில எழுதினதுக்கு அஞ்சு வருசம் உத்தரவாதம் குடுக்குதுகள். ஊர்ப்பக்கத்து ஏலத்தில அப்பிடி எதிர்பாராதேங்கோ. "இருக்கிற நிலையில் விற்கப்படும்" எண்ட ஒரு வரி போதும், கதை முடிஞ்சுது.

அடியைப் பாக்கச் சொன்னது மெத்தச் சரி. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில இஞ்சத்தைச் சனம் சீனச் சாடியளை மேசை விளக்காக்கிப் போட்டினம். அடியில துளை போட்டு வயர் விட்டு, மேல பட்டுக் குடை. பிறகு விளக்குப் பழசாக, துளையை அடைச்சு மறுபடி சாடி எண்டு விக்கிறது. அடைச்ச துளை இருந்தா விலை பாதிக்குக் கீழ. ஆனா ஒரு நன்மையும் இருக்கு. 1920களில ஒருத்தன் ஓட்டை போட்டிருக்கிறான் எண்டா, அப்பவே அந்தச் சாடி இருந்திருக்கு. நேற்றைக்கு வார்த்தது இல்லை.

தேம்ஸ்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. ஏலக்கூடம் இரண்டே நாளில் பதில் அனுப்பிவிட்டது, படங்களோடு. சுருக்கமாக:

முதல் ஜாடி (அ) 3.1 கிலோ. இரண்டாவது (ஆ) 2.5 கிலோ. அ-வின் அடியில் நடுவே விரல்முனை அகலத்துக்கு வட்ட அடைப்பு, ராசன் அண்ணன் சொன்ன அதே விளக்குத் துளை. துளை முத்திரையைத் தொடவில்லை, முத்திரை பக்கத்தில் சதுரக் கட்டத்துக்குள் இருக்கிறது. ஆ-வில் துளையே இல்லை.

அ-வில் முத்திரை வார்ப்பிலேயே எழும்பி நிற்கிறது, எழுத்தின் தோள்கள் கொஞ்சம் உருண்டிருக்கின்றன. ஆ-வில் எழுத்து உளியால் வெட்டியதுபோல் கூர்மையாக, குழிவாக இருக்கிறது. தேய்ந்த இடத்தில் அ சிவப்பு, ஆ மஞ்சள். ஆ-வில் தேய்மானம் ஒரு மாதிரி: யானைத் துதிக்கைக்குக் கீழே, விரல் போகாத இடத்தில்கூட முலாம் போயிருக்கிறது.

எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு "ஒரு தனியார் வீட்டிலிருந்து" என்று மட்டும் பதில்.

சிங்கை_வள்ளி எழுதியது:

இந்தப் பதிலுக்காகவே அந்த ஏலக்கூடத்தைப் பாராட்டலாம். பலர் இவ்வளவு படம் தரமாட்டார்கள்.

பாருங்கள், ஒரே வடிவம், ஒரே உயரம், ஆனால் எடையில் 600 கிராம் வித்தியாசம். ஒன்று சிவப்பு உலோகம், ஒன்று மஞ்சள். ஒன்றில் வார்த்த முத்திரை, ஒன்றில் வெட்டிய முத்திரை. ஒன்று விளக்காக நின்றிருக்கிறது, மற்றது நின்றதே இல்லை. இது ஜோடி அல்ல. ஒன்று முன்னால் பிறந்தது, மற்றது அதற்குத் துணையாகப் பின்னால் செய்தது. ஒற்றை ஜாடியைவிட ஜோடிக்கு இரண்டு மடங்குக்கு மேல் விலை கிடைக்கும் என்பதால் இப்படிச் சேர்ப்பது பழைய வழக்கம்.

ஜோடி ஏன் முக்கியம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த அளவு ஜாடிகள் பெரும்பாலும் வரவேற்பறை அலங்காரமாகச் செய்தவை அல்ல. பலிபீடத்தில் ஐந்து பொருள் வரிசையாக வைப்பார்கள்: நடுவில் தூபச்சட்டி, இருபுறமும் மெழுகுவர்த்தித் தண்டு, ஓரங்களில் ஒவ்வொரு ஜாடி. கோயிலிலும் முன்னோர் கூடத்திலும் அதே ஐந்து. ஐந்தும் சேர்ந்து ஏலத்துக்கு வருவது அபூர்வம். சட்டி ஒரு வீட்டுக்கும் தண்டு ஒரு வீட்டுக்கும் போயிருக்கும், ஜாடி இரண்டு மட்டும் ஒன்றாக மிஞ்சும். ஜாடியின் வாய்க்குள் மரப்பூவோ தாமரைத் தண்டோ செருகிய அடையாளம் சிலவற்றில் இருக்கும்.

சியான்லோங்குக்குப் பழைய வெண்கலத்தின் மேல் பெரிய பித்து. அரண்மனையில் இருந்த 1,500-க்கும் மேற்பட்ட பழம்பாத்திரங்களை வரைந்து 1749 முதல் ஒரு பெரும் பட்டியல் நூலே தொகுக்கவைத்தார். அந்தக் கால வெண்கலங்களில் ஹூ, கு போன்ற மூவாயிரம் ஆண்டுப் பழைய வடிவங்கள் மறுபடி வருவது இந்தப் பித்தால்தான். உங்கள் ஜாடியின் விலங்குமுகப் பட்டை அதன் வாரிசு. ஆனால் அந்தப் பாணி அவரோடு முடியவில்லை, 19ஆம் நூற்றாண்டு முழுக்க ஓடியது.

அ-வில் அந்தப் பட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண்ணிமையின் கோடு ஆரம்பத்தில் தடித்து முடிவில் மெலிகிறது, பின்னணிச் சுருள்கள் ஒன்றோடொன்று முட்டாமல் முடிகின்றன. கை தெரிந்தவர் வேலை. ஆ-வில் அதே கண் இருக்கிறது, கோடு மட்டும் ஒரே தடிப்பு, சுருள்கள் மூலையில் இடமில்லாமல் நசுங்கி நிற்கின்றன. பார்த்துச் செய்தவர் வேலை.

என் கணக்கில் இது ஒற்றை ஜாடி விலைக்குரிய பொருள், அதுவும் துளை போட்ட ஒற்றை ஜாடி. கூடவே இலவசமாக ஒரு துணை.

கேள்விக்கணை எழுதியது:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "தங்கமுலாம் வெண்கலம் சீன ஜாடி" என்று தேடினால் பாதிக்கு மேல் பீங்கான் ஜாடிகள் வருகின்றன, அடியிலும் வாயிலும் மட்டும் தங்கநிற உலோகம். அதுவும் இதே வகையா?

சிங்கை_வள்ளி எழுதியது:

முற்றிலும் வேறு. அதில் ஜாடி சீனம், உலோகம் பாரிஸ். 18ஆம் நூற்றாண்டில் பாரிஸ் ஆடம்பர வணிகர்கள் சீனப் பீங்கானை வாங்கி, அதற்குத் தங்கமுலாம் வெண்கலத்தில் பாதமும் விளிம்பும் கைப்பிடியும் மாட்டி விற்றார்கள். லாசார் துவோ என்ற வணிகரின் 1748 – 1758 கணக்குப் புத்தகம் இன்றும் இருக்கிறது. பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயியின் காதலி பொம்பதூர் சீமாட்டி அவருடைய பெரிய வாடிக்கையாளர். அங்கே விலையின் பெரும்பகுதி அந்தப் பிரெஞ்சு உலோகத்துக்குத்தான். அதில் மகுடம் சூடிய 'சி' எழுத்து முத்திரை குட்டியாக இருந்தால் 1745 முதல் 1749 வரை வசூலித்த உலோக வரியின் அடையாளம். ஆண்டு அவ்வளவு துல்லியமாகக் கிடைப்பது சீன வெண்கலக்காரர்களுக்கு ஏக்கமான விஷயம்.

மூன்றாம்சுழி எழுதியது:

எடை, முலாம், பிரீமியம் எல்லாம் பேசியாயிற்று. "ஒரு தனியார் வீட்டிலிருந்து" என்பதை மட்டும் யாரும் தொடவில்லை. அந்த வீட்டுக்கு எப்படி வந்தது?

1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்குக்கு வெளியே யுவான்மிங்யுவான் அரண்மனைத் தொகுதியைச் சூறையாடின. பிறகு பிரிட்டிஷ் தூதர் எல்ஜின் பிரபுவின் கட்டளைப்படி 18ஆம் தேதி தீ வைத்தார்கள். பிரிட்டிஷ் பக்கத்தில் கொள்ளையைக்கூட ஒழுங்காகச் செய்தார்கள்: சிப்பாய்கள் அள்ளியதைத் திரட்டி, பெய்ஜிங்கிலேயே ஏலம் விட்டு, வந்த பணத்தைப் பதவிக்குத் தகுந்தபடி பங்கு பிரித்தார்கள். 1900-ல் பாக்ஸர் கிளர்ச்சியை அடக்க எட்டு நாட்டுப் படை பெய்ஜிங்கில் நுழைந்தபோது மறுபடி அதே கதை, பிரிட்டிஷ் தூதரக வளாகத்திலேயே ஏலம். ஆக உங்கள் ஏலம் அந்த ஜாடிக்கு முதல் ஏலமாக இல்லாமலும் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு கை தூக்குங்கள் என்றுதான் சொல்கிறேன்.

சிங்கை_வள்ளி எழுதியது:

நியாயமான கேள்வி. ஆனால் இங்கிலாந்தில் இருக்கும் சீனப் பொருளெல்லாம் கொள்ளை என்பதும் சரியில்லை. 1911-க்குப் பின் வறுமைப்பட்ட அரச குடும்பங்களே விற்றன. இளவரசர் குங் குடும்பத்துச் சேகரிப்பை 1912-ல் ஜப்பானிய வணிகர் யமனாகா வாங்கினார், அடுத்த ஆண்டே நியூயார்க்கில் ஏலம் போனது. கடைசி அரசர் பூயி, சியான்லோங்கின் எண்பதாவது பிறந்தநாளுக்கு 1790-ல் செய்த பதினாறு தங்க மணிகளை வங்கியில் அடகு வைத்தார். கோயில் பாத்திரங்களோ சாதாரணமாகக் கடையில் விற்றவை. இந்த ஜாடி அரண்மனைப் பொருள் என்பதற்கு ஒரு தடயமும் இல்லை.

உறுத்துவது வேறு. 2018-ல் கேன்டர்பரியில் ஒரு பழைய வெண்கல நீர்ப்பாத்திரம் ஏலத்துக்கு வந்தது, மூக்கிலும் மூடியிலும் புலி உருவம். 1860-ல் அங்கிருந்த கடற்படைப் பிரிவு அதிகாரி ஒருவர் யுவான்மிங்யுவானில் எடுத்து வந்தது, அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களே சாட்சி. சீன அரசின் கலைப்பொருள் துறை கண்டனம் தெரிவித்தது. ஏலம் நடந்தது. 4,10,000 பவுண்ட். கொள்ளைக்குச் சாட்சியான கடிதம்தான் விலையை ஏற்றிய ஆவணம்! கடிதம் இல்லாத அதே பாத்திரத்துக்கு இவ்வளவு கிடைத்திருக்காது. வாங்கியவர் பெயர் சொல்லாமல் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம்சுழி எழுதியது:

அதைத்தான் நானும் சொல்கிறேன். 2009-ல் பாரிஸில் அதே யுவான்மிங்யுவான் நீரூற்றின் எலித்தலையும் முயல்தலையும் தலா 1 கோடியே 57 லட்சம் யூரோவுக்குப் போயின. ஏலத்தில் எடுத்த சீனர் ட்சாய் மிங்சாவ் பணம் கட்டமாட்டேன் என்று அறிவித்தார், எதிர்ப்பாகவே கேட்டேன் என்றார். 2013-ல் கிறிஸ்டி ஏலக் கம்பெனியின் உரிமையாளரான பினோ குடும்பம் அவற்றைச் சீனாவுக்குத் திருப்பித் தந்தது.

நமக்கும் இதில் ஒட்டில்லை என்று நினைக்க வேண்டாம். 1860 படையெடுப்பில் மதராஸ் சாப்பர்களும் (படையின் பொறியாளர் பிரிவு) போனார்கள். அந்தப் படைப்பிரிவின் வெற்றிப் பட்டியலில் "தாகு கோட்டைகள்", "பீக்கிங்" என்ற பெயர்கள் உண்டு.

ஹாரோ_ராசன் எழுதியது:

அந்த ட்சாய் சும்மா ஆளில்லை. 2006 இல ஹொங்கொங்கில மிங் அரசர் யோங்லே காலத்துத் தங்கமுலாம் புத்தரை 11 கோடியே 66 லட்சம் ஹொங்கொங் டொலருக்கு எடுத்ததும் அவர்தான். அதுக்குக் காசு கட்டினவர். பாரிஸ் கூத்துக்கும், 2010 இல லண்டனுக்குப் பக்கத்தில றைஸ்லிப்பில 43 மில்லியன் பவுண்டுக்கு விழுந்த சாடிக்குக் காசு வராமல் போனதுக்கும் பிறகுதான், பெரிய சீனப் பொருளுக்குக் கேக்க முதல் முற்பணம் கட்டச் சொல்லுறது இஞ்ச சாதாரணமாப் போச்சு. தம்பி, உங்கட சாடிக்கு அது வராது, பயப்பிடாதேங்கோ.

நிர்வாகி:

திருப்பித் தருதல் பற்றிய விவாதத்தைத் தனி இழையாகத் தொடங்குங்கள், அது அதற்குத் தகுதியான பொருள். இங்கே ஜாடி.

புதுசு_ரெண்டு எழுதியது:

சரி ஜாடிக்கு வர்றேன். எங்க வீட்லயும் ஒரு சின்ன மஞ்ச ஜாடி இருக்கு, டிராகன் போட்டது, அழுக்கா இருக்கு. பிராஸ்ஸோ போட்டுத் தேய்ச்சுட்டுப் படம் போடட்டா?

பத்தர்_பேரன் எழுதியது:

தொடாதீங்க சாமி! பிராஸ்ஸோ அரைச்சு எடுக்கற சாமான். சுட்ட முலாம் கெட்டின்னாலும் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு அளவுதான் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானத்துல இருநூறு வருசத்து முலாம உரிச்சிருவீங்க. மெத்துன பஞ்சு, வெறும் தண்ணி, உடனே ஈரம் போகத் துடைங்க. வெளிர்பச்சைல பொடி பொடியா உதிர்ந்தா அது வெண்கல நோய், உப்பு உள்ள போய்த் திங்குது. அதத் துடைக்கக் கூடாது, ஈரமில்லாத எடத்துல வெச்சுட்டுத் தெரிஞ்சவங்ககிட்டக் காட்டணும்.

சிங்கை_வள்ளி எழுதியது:

புதுசு, உயரம் எவ்வளவு? பத்து, பன்னிரண்டு செ.மீ. என்றால் அது பூவுக்கான ஜாடியாக இருக்காது. தூபம் போடும் மேசையில் மூன்று பொருள் ஒரு தொகுதி: சட்டி, மூடியுள்ள சிமிழ், குட்டி ஜாடி. குட்டி ஜாடிக்குள் சாம்பல் கிளறும் குச்சியும் கரண்டியும் நிற்கும். எனக்கு மிகப் பிடித்த சீன முலாம் வேலை இந்தக் குட்டிகளில்தான். மிங் கடைசியில், வான்லி அரசர் காலத்தில், இன்றைய ஷாங்காய்ப் பக்கத்து ஊரில் ஹூ வென்மிங் என்ற கைவினைஞர் இருந்தார். செம்பைத் தட்டி உருவம் எழுப்பி, எழும்பிய இடத்துக்கு மட்டும் தங்கம் கொடுப்பார். பின்னணி முழுக்க மணல் தூவியதுபோல் நுண்ணிய வட்டக் குத்துகள், முலாம் இல்லாமல் பழுப்பாகவே விட்டிருப்பார். அந்தப் பழுப்பின் மேல் தங்க அலையும் தங்கக் குதிரையும் பாய்வதைப் பார்த்தவருக்கு முழுசாகப் பூசிய ஜாடி கொஞ்சம் சலிக்கத்தான் செய்யும். அவர் பெயரையும் பின்னால் நிறையப் பேர் பொறித்தார்கள், அது வேறு.

தேம்ஸ்கரை எழுதியது:

ஏலம் முடிந்தது. துளை போட்ட ஒற்றை ஜாடி என்று கணக்குப் போட்டு, எல்லாக் கட்டணமும் சேர்த்து 3,000-க்குள் என்று வைத்துக்கொண்டேன். ஆன்லைனில் சுத்தியல் 2,200 என்றால் அந்த எல்லை. 2,200-ஐ மற்றவர் தாண்டியதும் விட்டுவிட்டேன். தொலைபேசியில் கேட்ட இருவர் மோதி 6,400-ல் முடிந்தது.

புதுசு_ரெண்டு எழுதியது:

பாத்தீங்களா! நான் அப்பவே சொன்னேன்.

ஹாரோ_ராசன் எழுதியது:

நான் ஏலத்துக்கு முந்தின பார்வை நாளில போய்த் தூக்கிப் பாத்தனான். அ-வைக் கையில எடுத்த உடன பாரம் அடியில இறங்குது, வளையத்தை ஆட்டினா மணி மாதிரிச் சத்தம். வாய்க்குள்ள முலாம் ரெண்டு விரல் ஆழத்தில கோடு போட்டமாதிரி நிக்குது. ஆ-வில உள்ளுக்கை அடிவரைக்கும் ஒரே மஞ்சள், வளையம் சப்பெண்டு தட்டுது. எனக்கு முன்னால நிண்ட ரெண்டு சீன ஆக்கள், அப்பனும் மகனும் போல, ஆ-வைத் திரும்பியும் பாக்கேல்லை. அ-வின்ர அடைப்பை மட்டும் நெடுநேரம் நகத்தால தட்டித் தட்டிப் பாத்தினம்.

6,400 எண்டா, கட்டணம் சேர்த்து 8,300-க்கு மேல. அது அ-க்குக் குடுத்த விலை. ஆ இனித் தனிய எங்கயாவது "சியான்லோங் முத்திரை, சிங் வம்சம்" எண்டு வரும் பாருங்கோ.

சிங்கை_வள்ளி எழுதியது:

இரண்டு விரல் ஆழத்தில் முலாம் நிற்கிறதா! அந்தப் படம் ஏலக்கூடம் அனுப்பியதில் இருட்டாக இருந்தது. அப்படியானால் அந்தத் தொலைபேசிக்காரர்கள் கொடுத்தது அதிகமில்லை. துளை இல்லாமல் இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கும். தேம்ஸ்கரை விட்டதும் சரிதான், 8,300 கொடுத்துவிட்டுத் துளையை விளக்கிக்கொண்டே விற்க நம்மிடம் ஆள் இல்லை.

தேம்ஸ்கரை எழுதியது:

வருத்தம் இல்லை. வேறொரு ஏலத்தில் 11 செ.மீ. குட்டி ஜாடி ஒன்று வருகிறது. முத்திரையே இல்லை, பட்டியலில் "சீன உலோகக் குடுவை" என்று ஒரே வரி, மதிப்பீடு 80 – 120 பவுண்ட். ஒரே படம், அதுவும் மங்கல். ஆனால் எழும்பிய உருவத்தில் மட்டும் மஞ்சள், பின்னணி பழுப்பு என்று தோன்றுகிறது. வள்ளி அக்கா?

சிங்கை_வள்ளி எழுதியது:

இந்தப் படத்தை வைத்துச் சொல்லமாட்டேன். பின்னணியில் வட்டக் குத்து இருக்கிறதா, இருந்தால் ஒவ்வொரு வட்டமும் முழுதாக மூடியிருக்கிறதா என்று தெரியவேண்டும். தட்டி எழுப்பியதென்றால் உள்பக்கத்தில் அதே உருவம் குழிவாகத் தெரியும். வார்த்ததில் தெரியாது. அந்த இரண்டு படமும் வாங்குங்கள்.

ஹாரோ_ராசன் எழுதியது:

அந்தக் கூடம் எனக்குத் தெரியும், படம் கேட்டாப் பதில் போடாயினம். சனிக்கிழமை பார்வை நாள், நான் அந்தப் பக்கம் போறன். தம்பி, நீங்களும் வாங்கோ. லென்சும் சின்னத் தராசும் நீங்கள் கொண்டு வாங்கோ, டோர்ச் என்னட்ட இருக்கு.